உச்சந்தலைச் சட்டம்

அண்ணாந்தபுரி என்று ஒரு நாடு. எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் யாரும் அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கியதில்லை. அந்த நாட்டை ஆண்டவர் மகாராஜா ககனகேசரி. மீசை பெரிது, ஆசை அதைவிடப் பெரிது. பக்கத்து நாட்டுக்காரன் ஓர் ஆட்டை ராக்கெட்டில் ஏற்றி நிலாவைச் சுற்றவிட்டான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "கேவலம் ஓர் ஆடு! கேவலம் ஓர் ஆடு!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

தலைமை மந்திரி நயனசிகாமணி ஒரு யோசனை சொன்னார். ஆடு எதற்கு, அரசரின் கண்ணையே அனுப்பலாம். ஒரு பெரிய கண்ணாடிக் கண் செய்து வானத்தில் நிறுத்தினால், அது நிலாவைப் பார்த்துக்கொண்டே இருக்கும்; பார்த்ததை அரண்மனைச் சுவரில் படமாகக் காட்டும். 'அரசக் கண்' என்று பெயரும் வைத்தாயிற்று. கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போட வைத்திருந்த பணம் முழுவதும் அதற்குப் போனது. குழாய்க்கான பள்ளங்களை மட்டும் அதற்கு முன்பே தோண்டிவிட்டார்கள். அவை அப்படியே கிடந்தன.

ஏவுகிற அன்றுதான் வினை. இவ்வளவு பெரிய கண்ணின்மேல் ஊர்க்கண் பட்டால் என்ன ஆவது என்று அரண்மனைச் சோதிடர் அலறினார். ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாக ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கண்ணின் ஓரத்தில் கட்டி மேலே அனுப்பினார்கள். நல்ல கனமான காய். மேலே போனதும் அது ஒரு பக்கமாக இழுக்க, கண் குப்புறக் கவிழ்ந்தது. நிலாவுக்குப் பதிலாக, அரண்மனைச் சுவரில் உள்ளூர்ச் சந்தையின் மீன்கடை தெரிந்தது.

அரசர் முகத்தில் ஈயாடவில்லை. மந்திரிதான் சமாளித்தார்.

"மன்னா, நிலா எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை. ஓடக்கூடியவர்கள் குடிமக்கள்தான். ஆகவே கண் பார்க்க வேண்டியதைத்தான் பார்க்கிறது. இது திட்டமிட்ட கவிழ்வு."

"நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார் அரசர். திட்டமிட்ட கவிழ்வைக் கொண்டாட நாடு முழுவதும் இனிப்பு வழங்கினார்கள். இனிப்புக்கு ஒரு வரியும் போட்டார்கள்.

மேலேயிருந்து பார்த்தால் மனிதனிடம் என்ன தெரியும்? மூக்கா, முழியா? உச்சந்தலைதான் தெரியும். ஆகவே ஒரு குடிமகனின் அடையாளம் அவன் உச்சந்தலைச் சுழியே என்று சட்டம் வந்தது. குடை கூடாது, முண்டாசு கூடாது, தலையில் குடம் சுமக்கவும் கூடாது. ஐப்பசி மழையில் நாடே நனைந்து நாடே தும்மியது. ரேஷன் கடைக்குப் போனால் வாசலில் நின்று தலையைக் குனிய வேண்டும். கண் பார்த்துச் 'சரி' என்றால்தான் அரிசி. மேகம் மறைத்தால் அன்றைக்குக் கஞ்சியும் இல்லை. ரெட்டைச் சுழிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். கண்ணுக்கு அவர்கள் இரண்டு பேராகத் தெரிந்தார்கள் என்பதால் வரியை இரண்டாக வாங்கினார்கள். அரிசியை மட்டும் ஒன்றாகத்தான் கொடுத்தார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் ஜனங்கள் பழகிக்கொண்டிருப்பார்கள். பழகாதது என்ன இருக்கிறது? ஆனால் கண் ஒரு பயங்கரத்தைக் கண்டுபிடித்தது. குத்தவைத்து உட்காரும் ஒவ்வொரு குடிமகனுக்கு முன்னாலும், சுழியே இல்லாத இரண்டு வழுக்கைத் தலையர்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்தால் அவர்கள் மாயமாக மறைந்தார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று நாம் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் கண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஊடுருவல், மன்னா!" என்றார் மந்திரி. "ஜோடி ஜோடியாகத் தோன்றுகிறார்கள், ஜோடி ஜோடியாக மறைகிறார்கள். இது பூமியில் பிறந்தவன் செய்கிற வேலையே அல்ல. சுழி இல்லாதவன் எவனும் வேற்றுக்கிரகவாசி. பிடித்து ராக்கெட்டில் ஏற்றி அவன் கிரகத்துக்கே அனுப்ப வேண்டும்."

"எந்தக் கிரகம்?"

"போனால் தெரிந்துவிடும்."

முழங்கால்களைப் பிடிக்கப் போன காவலர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வெறுங்கையோடு திரும்பினால் வேலை போய்விடும் என்பதால் நிஜ வழுக்கையைத் தேடிப் புறப்பட்டார்கள். வசதியுள்ள வழுக்கையர்கள் எல்லாரும் அதற்குள் டோப்பா வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கீழத்தெருவில் பஞ்சர் கடை வைத்திருந்த பூவலிங்கம் மட்டும் அகப்பட்டார். டோப்பா வாங்க அவரிடம் காசில்லை. அதோடு, அரசக் கண் மேலே போன அன்று கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்த மனிதர் அவர். நம் ராஜா நம்மை என்ன செய்துவிடப் போகிறார் என்று சும்மா இருந்துவிட்டார்.

அவர் மனைவி மரிக்கொழுந்து, அடுப்பில் வெந்துகொண்டிருந்த பணியாரத்தை அப்படியே விட்டுவிட்டு, அவரைக் கொண்டுபோன விண்வெளி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ஐயா, அவரு எங்க தெருவுலயே பொறந்தவருங்க. எனக்குத் தாய்மாமன் மவன். வேற கிரகமாம்ல, வேற கிரகம்! பக்கத்து ஊருக்குப் போனாலே அந்த மனுசனுக்கு வயித்தால போகும்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா, உணர்ச்சிவசப்படாதீர்கள். அவர் நிற்பதாக நீங்கள் சொல்லும் இடத்தில் குடிமகன் எவரும் இல்லை என்று கண் சொல்கிறது."

"இந்தா நிக்கிறாரே, உங்க மூக்குக்கு முன்னாடி!"

அதிகாரி பூவலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "அது உங்கள் தனிப்பட்ட கருத்து."

"கருத்தா? இத்தன வருசமா நான் கருத்துக்கா சோறாக்கிப் போட்டேன்?"

"அமாவாசை கழிந்ததும் ராக்கெட் கிளம்புகிறது. அதுவரை அவர் சிறையில்தான். அதற்குள் முடி வளர்ந்தால் பரிசீலிக்கலாம்."

"விடு புள்ள" என்றார் பூவலிங்கம். "ராஜா தெரியாமலா ஒண்ணு செய்வாரு?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அப்போதே அவளே வானத்துக்கு அனுப்பியிருப்பாள். ஆனால் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்ததும் பொத்துக்கொண்டு அழுகை வந்தது. அந்த அசட்டு மனுசன் இல்லாமல் அவளால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

ராஜாவிடம் போக வழியில்லாதவர்கள் சாமியிடம் போவார்கள். மரிக்கொழுந்து எல்லைமுத்தையா கோயிலுக்குப் போனாள். அவளுக்கு முழங்கால் தொடும் கூந்தல், தெருவே பொறாமைப்படும். "எம் புருசன் வீடு வந்து சேரணும். என் முடிய மொத்தமாத் தந்துடுறேன்" என்று வேண்டிக்கொண்டாள். காரியம் நடக்கட்டும் என்று காத்திருக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து கொடுத்துவிட்டாள். சாமியிடம் பாக்கி வைக்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

அண்ணாந்தபுரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் வேண்டுதலுக்கு மொட்டை போட்டால் சொந்தக்காரர்களும் கூடவே போட வேண்டும். போடாதவர்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு காக்காய்கூட வராது. அந்த நாட்டில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது மாமன், யாருக்காவது மச்சான். மரிக்கொழுந்தின் மொட்டை அவள் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போய், சம்பந்தியின் சகலை வழியாக வடக்கு எல்லை வரை போய்விட்டது. ரெட்டைச் சுழிக்காரர்கள் சொந்தம் இல்லாவிட்டாலும் சந்தோஷமாக முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ராக்கெட் கிளம்பவிருந்த காலையில் நாட்டில் தலைமுடி என்று பார்த்தால் அரண்மனைக்குள்தான் இருந்தது.

அரண்மனைச் சுவரில் ஒரு குடிமகனையும் காணோம். ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களையெல்லாம் எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

மந்திரி சுவரையே உற்றுப் பார்த்தார். "எங்கும் பளபளக்கும் மொட்டைத் தலைகள். தரையெல்லாம் பெரும் பள்ளங்கள். சொட்டுத் தண்ணீர் இல்லை. மன்னா! நமது கண் ஒரு புதிய கிரகத்தைக் கண்டுபிடித்துவிட்டது!"

"அங்கே உயிர்கள் வாழ்கின்றனவா?"

"வாழ்கின்றன, மன்னா. இந்த நிலைமையில் எப்படி வாழ்கின்றன என்பதுதான் விஞ்ஞானத்துக்கே விளங்கவில்லை."

அரசர் துள்ளி எழுந்தார். எந்த ஆடும் எந்தக் கிரகத்தையும் பிடித்ததில்லை. தாமே போய் முதல் காலடி வைப்பதாக அறிவித்தார். மந்திரியும் உடன் வருவதென்று முடிவானது. அந்தக் கிரகத்து மொழி தெரிந்தவன் வேண்டுமே? சிறையில் ஒரு வேற்றுக்கிரகவாசி தயாராக இருந்தான். பூவலிங்கத்தை மொழிபெயர்ப்பாளராக ஏற்றிக்கொண்டு ராக்கெட் சீறிக் கிளம்பியது. மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி, கண் காட்டிய இடத்தில் நேராகக் கீழத்தெருவில் வந்து இறங்கியது.

அரசருக்கு இடம் அடையாளம் தெரியவில்லை என்று யாரும் சிரிக்க வேண்டாம். அவர் கீழத்தெருவுக்கு அதற்கு முன்பு வந்திருந்தால்தானே தெரியும்!

பூவலிங்கம் இறங்கியதும் திகைத்துப்போனார். "மகாராஜா, இது நம்ம..." என்று ஆரம்பித்தவரை, கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்த ஒரு மொட்டைத்தலைப் பெண் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிய பிறகுதான் அவருக்கே அது தன் மனைவி என்று புரிந்தது. "சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அரசர் கொடியை ஒரு பள்ளத்தில் நட்டார். "இந்நிலத்தோர் யாவரும் நலமா என வினவு."

"எல்லாரும் நல்லாருக்கீங்களான்னு கேக்குறாரு" என்றார் பூவலிங்கம்.

"என்ன சரளம்!" என்று வியந்தார் அரசர்.

"நமது மொழியின் சாயல் லேசாகத் தெரிகிறது, மன்னா" என்றார் மந்திரி. "நம் முன்னோர் இங்கும் வந்து போயிருக்கிறார்கள்."

அரசர் நாலு பக்கமும் பார்த்தார். குழாய் இல்லாத பள்ளம், குடை இல்லாமல் காய்ச்சல் வந்த பிள்ளைகள், காலிப் பானைகள். அந்நிய மக்கள் என்றதும் அவருக்கு இரக்கம் சுரந்துவிட்டது. "ஐயோ பாவம்! இவர்களை இப்படி வைத்திருக்கும் அந்தப் பாவி யார்? அவன் எங்கே?"

மரிக்கொழுந்து முன்னால் வந்தாள். "ராக்கெட்டுல ஏறி வேற கிரகத்துக்குப் போயிட்டாருங்க."

"குடிகளை இந்தக் கதியில் விட்டுவிட்டா? வெட்கங்கெட்டவன்! மந்திரி, எழுதும்! அவன் போட்ட சட்டங்கள் அத்தனையும் இன்றோடு செல்லாது. அவன் இனி இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது. வைக்க வந்தால் விரட்டுவது குடிகளின் கடமை!"

மந்திரி எழுதினார், அரசர் முத்திரை குத்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் அவர் பூவலிங்கத்தின் தோளைத் தட்டி, "உன்னை உன் இனத்தாரிடம் சேர்த்துவிட்டேன், மகிழ்ச்சிதானே?" என்று சொல்லி, நாடு திரும்பி வெற்றிவிழா நடத்த ஏறிக்கொண்டார்.

சுழியுள்ள குடிமக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே இறங்கு என்பது ராக்கெட்டுக்கு இட்ட கட்டளை. அப்படி ஒரு தலையும் கண்ணுக்குக் கிடைக்கவில்லை. ராக்கெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுக் கணக்கில் ஆடு எப்போதோ தோற்றுவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் அண்ணாந்தபுரியில் எல்லாரும் மொட்டை போட்டுக்கொள்வது சட்டமாகாத சட்டம் ஆயிற்று. முடி வளர்ந்தால் மேலே இருப்பவர் இறங்கிவிடுவார் அல்லவா? அரண்மனை அதிகாரிகள்தான் முதலில் வந்து தலையைக் கொடுத்தார்கள். ஜனங்களே கூடிக் குழாய் போட்டார்கள், பள்ளத்தை மூடினார்கள். குடைகள் திரும்பி வந்தன. மரிக்கொழுந்துக்குக் கூந்தல் ஞாபகம் வரும்போது நெஞ்சு கனக்கும். பக்கத்தில் குறட்டை விடும் வழுக்கைத் தலையைப் பார்த்து, சரி போகட்டும் என்று சமாதானம் ஆவாள்.

சமீபத்தில் ஒரு மாலை, பூவலிங்கம் கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"ஊர்ல யாருக்கும் ஒரு பயமில்ல, பாத்தியா? ஆளாளுக்குப் பேசுறான். என்ன இருந்தாலும் ராஜா இருந்தப்ப ஒரு ஒழுங்கு இருந்துச்சு. நம்மள கிரகம் கிரகமா கொண்டு போனாரே, லேசுப்பட்ட ஆளா?"

மரிக்கொழுந்து கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் சட்டைப்பையில் ஒரு புட்டி துருத்திக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பார்த்தாள். முடி வளர்க்கும் மூலிகைத் தைலம்.

"உம்மைத்தான்யா வேற கிரகத்துக்காரன்னு பிடிச்சுக் கட்டுனாங்க! உமக்காகத்தான்யா நான் இந்தத் தலைய..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே எழுந்து போய்ப் புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

பூவலிங்கம் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "நீ கொட்டுறதக் கொட்டு. தைலக் கடையில நிக்கிற கூட்டத்தப் பாத்தீன்னா தெரியும்."