மாகாணி வெளிச்சத்தில் பார்த்த மாப்பிள்ளை

டத்தோ கிராமாட்,
பினாங்கு.
12 ஆகஸ்ட் 1990

பாசமும் மதிப்பும் மிக்க மைத்துனர் ஆனந்தராஜாவுக்கு, விநாசித்தம்பி எழுதுவது.

இங்கு நானும் உம்முடைய அக்கா செல்வநாயகியும் மகள் யோகமலரும் உடம்பளவில் சுகம். கோலாலம்பூரில் நீரும் குடும்பமும் சுகமாயிருக்கத் தண்ணீர்மலை முருகனை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை உமக்கு மட்டும் கொஞ்சம் சுகம் குறைந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீர் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராஜாவும் அவருடைய தாயார் நல்லம்மாவும் தைப்பிங்கிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், உம்முடைய அக்கா ஒரு சட்டம் போட்டாள். "முதல்ல நாம அவங்கள பாக்கணும். அப்புறந்தான் அவங்க நம்மள பாக்கணும்." அவளைப் பெண் பார்க்கப் போனபோது என்னை விளக்கு எட்டாத மூலையில் உட்கார வைத்து ஏமாற்றிவிட்டார்களாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தானே, பழைய டட்சனை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் பிறையில் இருக்கும் காஜா மொய்தீன் கடைக்குப் போனேன், கார்க் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்ட.

"ஒரு தாள் ஒட்டினா பாதி வெளிச்சத்த தின்னுரும் அண்ணே" என்றார் காஜா மொய்தீன்.

"அப்ப ரெண்டா ஒட்டுங்க. பாதியும் பாதியும் முழுசு. சுத்தமா இருட்டாயிரணும்."

அவர் என் வயதுக்கு மரியாதை கொடுத்து இரண்டாகவே ஒட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தால், எதிர்வீட்டுக்காரர் வேட்டியில் உள்ள கறை வரைக்கும் தெரிகிறது! ஏமாற்றிவிட்டார் என்று குதித்தேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவள் அல்லவா உம்முடைய மருமகள் யோகமலர், அவள் எனக்கும் பாடம் நடத்தினாள். "அப்பா, முதல் பந்தியில பாதிச் சோறு போச்சு. ரெண்டாவது பந்திக்குப் பானையில மிச்சம் இருக்கிறதுலதானே பாதி? ரெண்டு தாளுக்குக் கால் வெளிச்சம் வரும். மூணு ஒட்டினா அரைக்கால். எத்தனை பந்தி வச்சாலும் அடியில நாலு பருக்கை இருக்கும்லா." பெற்ற மகளிடம் சோற்றுக் கணக்கில் தோற்ற பிறகு காஜா மொய்தீனோடு சண்டை போட எனக்கு முகமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஃபெரி ஜெட்டிப் படகுத்துறைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினோம். முன் கண்ணாடிக்கு வெயில் அட்டையை விரித்துவிட்டு, பக்கக் கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு, மூன்று பேரும் உள்ளே இட்டலி போல வெந்துகொண்டிருந்தோம். ஏர்கான் இல்லாத கார் என்பது உமக்குத் தெரியும். ஃபெரியிலிருந்து சனம் இறங்கியது. நீர் அனுப்பிய படத்தில் பார்த்த அதே சுருட்டை முடியோடு மாப்பிள்ளை வந்தார், பின்னால் தாயார் வந்தார். எங்கள் காரை அவர்கள் அறியமாட்டார்கள். அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ஜெட்டியில் வேறு இடமே இல்லாததுபோல் எங்கள் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றார்கள்.

நான் பதறி இறங்கப் போனேன். செல்வநாயகி என் தொடையைக் கிள்ளினாள். யோகமலர் காதில் ஓதினாள்: "ஆடாதீங்க அப்பா. வெளியில இருக்கிற வெளிச்சம் உள்ள வரும்போதே கால்தான். நம்ம முகத்துல பட்டுத் திரும்பி வெளிய போகும்போது அதுலயும் கால். பதினாறுல ஒரு பங்கு, மாகாணிக்கு மேல போகாது. அதுலயும் உங்க முகம் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். அவருக்கு அவர் மூஞ்சிதான் தெரியும்."

உண்மைதான். மாப்பிள்ளை எங்கள் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தார். பல்லைக் காட்டிப் பார்த்தார். ஒரு விரலால் மூக்கையும் துப்புரவு செய்தார், அதை விவரிக்க மாட்டேன். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் தலைமுடியைப் பிடித்து, ஹெல்மெட்டைச் சரிசெய்வதுபோல் ஒரு திருகு திருகினார்! முழு முடியும் ஒன்றாய் நகர்ந்தது! ஆனந்தராஜா, அது ஒட்டு முடி!

"நல்லா அமுக்குடா, வேர்வைக்குப் பசை விட்டுரும்" என்றார் நல்லம்மா.

"வேணாம்மா. கழட்டிடுறேன். அந்தப் பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லிடலாம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லு. பொண்ணு ஓடியா போவும்?"

"ஓடினா ஓடட்டும். இதை வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வரல."

செல்வநாயகிக்குக் கண் சிவந்தது. யோகமலர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அத்தோடு விட்டாரா மாப்பிள்ளை? கார் குலுங்கியதைக் கவனித்துவிட்டார் போலும். இரண்டு கையையும் கண்ணுக்குக் கூரைபோல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கு அழுந்த உள்ளே எட்டிப் பார்த்தார். வெயிலை மறைத்தால் மாகாணியும் போதும் போலிருக்கிறது. ஒரு சாண் தூரத்தில் எங்கள் மூன்று முகத்தையும் பார்த்து "அம்மோய்!" என்று அலறினார். மரியாதை தவறக்கூடாதென்று நான் "வாங்க மாப்பிள்ளை!" என்று கதவைத் திறந்தேன். கதவு அவர் தாடையில் மோதியது. அவர் கீழே உட்கார்ந்தார். முடி மட்டும் உட்காரவில்லை. அது வந்து செல்வநாயகியின் மடியில் விழுந்தது. "ஐயோ, பெருச்சாளி!" என்று கத்தி, குடையால் அதை அடித்தாள், பாரும், அதற்கு உயிர் இருந்திருந்தால் போயிருக்கும்.

"பொண்ணு பாக்க வந்தவங்கள ஒளிஞ்சிருந்து பாக்குறீங்களா? வெக்கமா இல்ல?" என்று நல்லம்மா கேட்டார்.

"மொட்டை மண்டைக்கு மூடி போட்டுக் கூட்டிட்டு வந்தவங்க வெக்கத்தப் பத்திப் பேசாதீங்க!" என்றாள் உம்முடைய அக்கா.

ஓரத்தில் ரோஜாக் தீனி விற்கிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். இத்தனைக்கும் நடுவில், வழுக்கைத் தலை வெயிலில் மின்ன, தாடையைத் தடவிக்கொண்டே, அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். வெட்கமில்லாமல் எங்கள் மகளும் சேர்ந்து சிரித்தாள். நல்லம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த ஃபெரியிலேயே திரும்பிப் போய்விட்டார்.

ஆகவே மைத்துனரே, இந்தச் சம்பந்தம் முடிந்தது. நல்லம்மாவுக்கு நீரே எழுதிவிடும். இனிமேல் மாப்பிள்ளை படம் அனுப்புவதானால் தலையை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அனுப்பும். எங்கள் வீட்டுப் பெண் இதுபோன்ற ஏமாற்றுக்காரக் குடும்பத்துக்கு ஒருநாளும் போகமாட்டாள். இது என் உறுதியான, இறுதியான முடிவு.

உம்முடைய பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். உம்முடைய மனைவிக்கு என் வணக்கம். உமக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும், அதிலும் புத்தி முதலில்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
விநாசித்தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை நீர் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளும். இப்போது மாப்பிள்ளை தனியாக வந்து, வெறும் தலையோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாரம் முழுக்க யோகமலரின் பள்ளிக்கூடத்துக்கு டெலிபோன் போட்டிருக்கிறாராம். "அவரத்தான் கட்டிக்குவேன்பா. ஆள் யாரும் பாக்கலன்னு நினைக்கும்போதும் உண்மையத்தானே சொன்னாரு" என்கிறாள். நான் என் இறுதி முடிவை எடுத்துச் சொல்லச் செல்வநாயகியைத் தேடிப் போனேன். அவள் அடுப்படியில் மாப்பிள்ளைக்கு மீன் பொரித்துக்கொண்டு, எனக்கு நேற்றைய பருப்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தாள். நீர் உடனே நல்லம்மாவைச் சமாதானம் செய்து நல்ல நாள் பார்த்து எழுதும்.