ஒரு ராத்திரி பாக்கி

மாவை என்ன செய்வது என்பதுதான் இப்போதைய பிரச்சினை.

கோவில்பட்டியில் மச்சான் காமராஜ் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு சண்முகராஜும் அவர் மனைவி உமாதேவியும் நின்றிருந்தார்கள். உள்ளே ஒரு தூக்குவாளி நிறைய தோசை மாவு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ச் சட்னி. காமராஜின் மனைவி மாரிச்செல்வி, திருச்செந்தூருக்குக் கிளம்புகிற அவசரத்திலும் இதையெல்லாம் அரைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"மதினி எம்புட்டுப் பிரியமா வச்சிட்டுப் போயிருக்காவ. சாப்பிடாமப் போனா என்ன நெனைப்பாவ?" என்றாள் உமாதேவி.

"உக்காந்து தோசை சுட நேரமில்லட்டி. முகூர்த்த நாளு. லேட்டாப் போனா ஓட்டல்ல ரூம் இல்லன்னுருவான்."

"அப்ப மாவு?"

"கீழ ஊத்திரு. சாப்பிட்டாச்சுன்னு நெனைச்சுக்கிடுவாவ."

உமாதேவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்டுனத சாக்கடையில ஊத்தச் சொல்லுதீயளா? எங்க அண்ணன் வீட்டுல வச்சு?"

சண்முகராஜ் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார். மனைவியின் அண்ணன் வீட்டில் நின்றுகொண்டு அதற்குமேல் பேச முடியாது. அதுவும், அந்த அண்ணனை ஏமாற்றிக்கொண்டிருக்கும்போது சுத்தமாக முடியாது.

சண்முகராஜுக்குப் புதியம்புத்தூரில் ரெடிமேடு கம்பெனி. சின்னப் பிள்ளைகளுக்கான கவுன் தைத்து ஊர் ஊராக அனுப்புவார்கள். பொங்கல் முடிந்து மிஷின்கள் ஓய்ந்துவிட்டால் அவர் காலில் சக்கரம் முளைத்துவிடும். எங்கேயாவது போய்விட்டு வர வேண்டும். அப்படி ஒருமுறை ரயிலில் போகும்போது எதிர் சீட்டுக்காரர், "ஊர் சுத்துறவங்க பாயிண்ட் சேர்க்காம இருக்கலாமா சார்?" என்று ஒரு விதையைப் போட்டுவிட்டு விழுப்புரத்தில் இறங்கிப் போய்விட்டார்.

"பாயிண்டுன்னா? ப்ளக் பாயிண்டா?" என்றாள் உமாதேவி.

ஒரே கம்பெனி ஓட்டலில் தொடர்ந்து தங்கினால் ஒவ்வொரு ராத்திரிக்கும் பாயிண்ட் ஏறும், போதுமான அளவு சேர்ந்ததும் இலவசமாக ரூம் கொடுப்பான் என்று அவர் விளக்கினார். பிறகு மூன்று ஓட்டல்காரர்களின் பாயிண்ட் திட்டங்களை வரவழைத்து, பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தார். முதலாவது, பாயிண்டை வாரி வழங்கியது. ஆனால் ஒரு ராத்திரி வாடகைக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிவிடலாம். இரண்டாவது வாடகை மலிவு. ஆனால் அதன் கிளை இருந்த ஊரிலெல்லாம் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். திருச்சியில் சித்தப்பா, நாகர்கோவிலில் அத்தை. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஓட்டலில் ரூம் போடுவதற்குப் பதிலாக அவர்கள் வாசலில் நின்று நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்துவிடலாம். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

மூன்றாவதுதான் நீலவேணி. ஈரோடு, வேலூர், ஓசூர், கொடைக்கானல் என்று சொந்தபந்தமே இல்லாத ஊர்களாகப் பார்த்துக் கட்டியிருந்தான். கோவில்பட்டி நாற்கரச் சாலையிலும் ஒன்று உண்டு. அதைச் சண்முகராஜ் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிற ஊருக்கு யாராவது சுற்றுலா போவார்களா?

அதன்பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பாயிண்டுக்காக ஊர் சுற்றினார்கள். வேலூரில் வெயிலைப் பார்த்தார்கள். ஈரோட்டில், ரெடிமேடு கம்பெனி வைத்திருப்பவர் தன் மனைவிக்கு ஜவுளிக்கடைகளைச் சுற்றிக் காட்டினார். உமாதேவி பொறுத்துக்கொண்டாள். கடைசியில் கொடைக்கானலில் இரண்டு ராத்திரி இலவசம் என்று சொல்லியிருந்தாரே. கழுகுமலையைத் தவிர வேறு மலை பார்க்காதவள் அவள். மேகம் ரூமுக்குள் வருமாமே என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரே ஒரு ராத்திரி பாக்கி. இந்த மாதம் முடிந்தால் சேர்த்த பாயிண்ட் அத்தனையும் காலாவதி. கைக்கு எட்டுகிற நீலவேணி, கோவில்பட்டி நீலவேணிதான்.

கோவில்பட்டியில் காமராஜ் இருக்கிறார்.

காமராஜுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். தீக்குச்சி மாதிரியே ஆளும் உரசினால் பற்றிக்கொள்வார். அவருடைய பெரியப்பா மகன் வெயிலுமுத்து, மெட்ராஸில் இருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், அட்டாச்டு பாத்ரூம் வேண்டும் என்று லாட்ஜில் தங்கிவிட்டான். காமராஜ் அவன் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போகவில்லை. பிள்ளை காதுகுத்துக்கும் போகவில்லை. "என் வீடு இருக்கும்போது லாட்ஜுல படுத்தவன் எனக்குச் சொந்தமா?" என்று இன்றுவரை எல்லாக் கல்யாண வீட்டிலும் பந்தி முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உமாதேவிக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்றால் இந்த அண்ணன் வீடு ஒன்றுதான்.

நியாயமாகப் பார்த்தால் இப்பேர்ப்பட்ட மச்சானை ஏமாற்றக் கூடாது. சண்முகராஜ் எந்த ஊருக்குப் போனாலும் கோவில்பட்டியில்தான் ரயில் ஏறுவது வழக்கம். முதல்நாளே வந்து காமராஜ் வீட்டில் தங்கி, போகப்போகிற ஓட்டலையும் போய்வந்த ஓட்டலையும் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் ரயிலேறுவார். ஒன்றிரண்டு வருஷமாக மச்சானுக்கும் அலைச்சல் ஜாஸ்தி. இவர்கள் வருகிற அன்றைக்குப் பார்த்து அவருக்கும் வெளியூர் வேலை வந்துவிடும். ஆனாலும் அந்த மனுஷன் பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாளிடம் சாவியைக் கொடுத்துவைக்காமல் போனதில்லை. இந்தத் தடவையும் அப்படித்தான். ஊருக்குள் யார் கண்ணிலாவது பட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே என்று, ரயிலேற வருவதாகச் சண்முகராஜ் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். "நாங்க திருச்செந்தூர் போறோம் மாப்ளை. வீடு உங்க வீடு. நல்லாத் தங்கி, சாப்பிட்டு, நிம்மதியா ரயிலேறுங்க" என்றார் போனில். அதைக் கேட்டபோதே சண்முகராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏனென்றால், இந்தத் தடவை ரயிலே கிடையாது.

ஆகவே இருவரும் வீட்டில் தங்கியதற்கான அடையாளங்களை உண்டாக்க ஆரம்பித்தார்கள். கட்டில் விரிப்பில் சண்முகராஜ் படுத்து நாலு புரண்டு எழுந்தார். தலையணையில் தலை வைத்த பள்ளம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பாத்ரூம் காய்ந்து கிடந்தது. நனைக்கலாம் என்று குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டார்.

மாவை உமாதேவி தூக்குவாளியோடு மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்து, வெளியே போக வேண்டும். முன்வாசலில் மீனாட்சியம்மாள் கால் நீட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பை என்னன்னு கேப்பா. எங்க போறீயன்னு கேப்பா. எப்ப வருவீயன்னு கேப்பா," என்றாள் உமாதேவி.

"பின்வாசல் வழியாப் போயிருவோம். உள்ள ஆள் இருக்குத மாதிரி டிவி ஓடட்டும். லைட்டும் எரியட்டும்."

சொந்த மச்சான் வீட்டில் இருந்து பின்வாசல் வழியாக, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, கௌரவமாக நாலு பேருக்கு வேலை கொடுக்கிற மனுஷன் செய்கிற காரியமா இது என்று சண்முகராஜுக்கே தோன்றியது. உமாதேவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நீலவேணியின் பளிங்குத் தரையில் நின்று அவர் விவரம் சொல்லிக்கொண்டிருந்தபோது ரிசப்ஷனில் இருந்த பெண் எட்டிக் கீழே பார்த்தாள்.

"சார், பையில இருந்து ஏதோ வடியுது."

பங்குனி வெயில். ஆட்டோ குலுக்கல். மாவு பொங்கித் தூக்குவாளி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலில் இருந்து கவுண்ட்டர் வரை அவர்கள் வந்த வழியெல்லாம் வெள்ளையாகப் புள்ளி வைத்திருந்தது. சோபாவில் இருந்த மருந்துக் கம்பெனி ஆட்கள் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள்.

"மருந்துங்க," என்றார் சண்முகராஜ்.

"தோசை மாவு," என்றாள் உமாதேவி அதே நேரத்தில்.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "பேர் சொல்லுங்க சார்" என்றாள். அங்கேதான் சண்முகராஜ் திணறினார். பொய்ப் பேர் சொன்னால் பாயிண்ட் ஏறாது. உண்மைப் பேர் சொன்னால் பாயிண்ட் ஏறும், கூடவே மானமும் கப்பலேறும். கடைசியில் தன் பேரை, திருட்டு சாமானைக் கைமாற்றுகிறவர் மாதிரி, காதோடு காதாகச் சொன்னார்.

"கொஞ்சம் சத்தமா சார்."

"சண்முகராஜ்." மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கும் கேட்டது.

ரூமுக்குள் போனதும் உமாதேவி வாளியை பாத்ரூமில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "கொடைக்கானலும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு இருக்கு. அண்ணனுக்குத் தெரிஞ்சா எனக்கு நாதி யாரு?" என்றாள்.

அவர் கை கழுவப் போனார். குழாயைத் திறந்தார். தண்ணீர் சோவென்று கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சண்முகராஜ் ஈரக் கையோடு வெளியே ஓடி வந்தார்.

"உமா, அங்க மோட்டார அணைச்சியா?"

"நான் எங்க மோட்டாரப் போட்டேன்?"

கோவில்பட்டியில் வீட்டுக்குள் தீயே பிடித்தாலும் தெரு கொஞ்சம் யோசித்துத்தான் கூடும். தொட்டி வழிந்து தெருவில் தண்ணீர் ஓடினால் யோசிக்காது. வாரக்கணக்கில் குழாயடியில் காத்துக் கிடக்கிற ஜனம். லாரிக்காரனிடம் காசு கொடுத்து நிரப்பிய மச்சானின் தரைத்தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும். தெருவே குடத்தோடு வந்து நின்று, டிவி ஓடுகிற, விளக்கு எரிகிற, ஆள் பதில் சொல்லாத வீட்டின் கதவை இடித்துக்கொண்டிருக்கும்.

வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு இருவரும் படியிறங்கி ஓடினார்கள்.

"ஒரு ஆட்டோ வேணும்மா, சீக்கிரம்," என்று சண்முகராஜ் கவுண்ட்டரைத் தட்டும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"மீனாட்சியக்கா, பதறாதீய. மாப்ளையும் தங்கச்சியும் மயங்கியெல்லாம் கெடக்க மாட்டாவ. மீட்டர் பெட்டி வெளியதான இருக்கு, ஃபியூஸ் கட்டையப் பிடுங்கிப் போடுங்க. நான் இந்தா வந்துட்டேன்."

சண்முகராஜ் திரும்பினார். கைலி, பனியன், தோளில் துண்டு, காதில் செல்போன். காமராஜ்.

தூக்குவாளியில் இருந்து மாவு ஒரு சொட்டு விழுந்தது. காமராஜின் பார்வை தன் வீட்டுத் தூக்குவாளியில் இருந்து தங்கையின் முகத்துக்கு வந்து, அங்கிருந்து மாப்பிள்ளையிடம் வந்து நின்றது.

"அண்ணே, நீங்க திருச்செந்தூர்ல..." என்றாள் உமாதேவி.

"போகல," என்றார் காமராஜ். தொண்டையைச் செருமினார். "பாதி வழியிலயே திரும்பிட்டோம். இங்க என்ன செய்யுதீய ரெண்டு பேரும்?"

சண்முகராஜ் மச்சானைப் பார்த்தார். வேட்டியில்லாமல் வாசல்படி தாண்டாத மனுஷன். தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன ஆச்சோ என்று கைலியோடும் பனியனோடும் ஊரெல்லாம் தேடி ஓடி வந்திருக்கிறார். இப்பேர்ப்பட்டவருக்குத்தான் நாம் படுக்கையைக் கசக்கிக் கணக்குக் காட்டினோம். அவருக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். பாயிண்ட், கொடைக்கானல், இல்லாத ரயில், புரண்ட கட்டில், பின்வாசல், கையில் பிடித்த செருப்பு. கல்யாணமான நாள் முதல் மாப்பிள்ளை முறுக்கோடு நிமிர்ந்தே நின்றவர், ஓட்டல் வரவேற்பறையில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் பார்க்கக் கையைக் கூப்பினார்.

"என்னை வெயிலுமுத்து மாதிரி ஒதுக்கி வச்சிருங்க மச்சான். தப்பு என் மேலதான். உமாவ விட்டுராதீங்க."

காமராஜ் அந்தக் கூப்பிய கையைப் பார்க்கவில்லை. மாடிப் படியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என் வீடு இருக்குத ஊர்ல என் தங்கச்சி லாட்ஜுல படுக்கலாமா மாப்ளை? வெளிய தெரிஞ்சா எனக்கு என்ன மரியாதை? சரி, நடந்தது நடந்து போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாதீய. நீங்க முன்னால வீட்டுக்குப் போங்க, நான் பின்னாலயே வாரேன்."

உமாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சண்முகராஜ் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. மன்னித்ததோடு இல்லாமல், மானத்தையும் காப்பாற்றுகிறாரே. இவர் காலடியில் இருக்கிற தூசு பெறுமா கொடைக்கானல்?

இதற்குள் கவுண்ட்டரில் ஆள் மாறிவிட்டது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டூட்டிக்கு வந்திருந்த குருசாமி என்ற நடுவயதுக்காரர் நெற்றியில் திருநீறோடு கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டிருந்தார். சண்முகராஜ் ரூம் சாவியையும் பாயிண்ட் அட்டையையும் அவர் முன்னால் வைத்தார்.

"ரூம கேன்சல் பண்ணிருங்க. கார்டும் வேண்டாம். இனி ஜென்மத்துக்கும் ஓட்டல்ல தங்க மாட்டேன்."

காமராஜ் அவசரமாக, "அதெல்லாம் காலையில பாத்துக்கிடலாம், நீங்க கெளம்புங்க மாப்ளை" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

குருசாமி அட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"ஒத்த ராத்திரி பாக்கிய வச்சிக்கிட்டு யாராவது கேன்சல் பண்ணுவாவளா சார்? இந்தா நிக்காவளே நம்ம காமராஜ் அண்ணாச்சி, புதியம்புத்தூர்ல இருந்து அவிய மாப்பிள்ளை வரும்போதெல்லாம் மதினியையும் கூட்டிட்டு இங்கன வந்து தங்கித் தங்கியே கோல்டு கார்டு வாங்கிட்டாவ."