செனோபியாவின் மருந்து

செத்தாலும் சாவேனே தவிர ஊசி மட்டும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று எர்மிலோ முடிவு செய்தான். சாதாரண முடிவு அல்ல. சுகாதார நிலையத்துப் படியில் நின்று, தொப்பியைக் கழற்றி, எதிரே புகைந்துகொண்டிருந்த எரிமலையைச் சாட்சியாக வைத்து எடுத்த முடிவு. எரிமலையும் லேசாக ஒரு முறை புகையைக் கக்கியது. சம்மதம் சொல்லிவிட்டது என்று எர்மிலோ எடுத்துக்கொண்டான்.

உள்ளே டாக்டரம்மா, பெரியவர்களை அழைக்கும் 'தோன்' என்ற மரியாதையோடு, சொன்னது இவ்வளவுதான்: "மாத்திரை மட்டும் இனிமே போதாது, தோன் எர்மிலோ. சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. இன்சுலின் ஆரம்பிச்சிடணும்."

இன்சுலின்! அந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும், இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்று. எர்மிலோவின் சித்தப்பா நசாரியோ ஊசி ஆரம்பித்த அதே வருஷம், வான்கோழியைப் பார்த்து "வாங்க மருமகளே" என்று கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார். ரொட்டிக்கடை பெத்ராவுக்கும் அதே கதி. எர்மிலோவோ கண்ணை வைத்துப் பிழைக்கிறவன். கடைச் சுவர்களில் எழுத்து எழுதுவது அவன் தொழில். கோழிக்கடை, செருப்புக்கடை, சலூன் என்று அந்த வட்டாரத்தில் எந்தச் சுவரிலாவது நிழல் விழுந்த எழுத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றால் அது எர்மிலோவின் தூரிகைதான். ஊர் எழுத்தையெல்லாம் எழுதுகிறவனுக்குத் தன் தலையெழுத்தைத் தானே கோணலாக எழுதிக்கொள்ள மனசில்லை.

வீட்டில் செனோபியா கல்லில் மக்காச்சோள ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க, கிழவா?"

"எல்லாம் நல்லாயிருக்குன்னாங்க, கிழவி."

"எல்லாமா?"

"எல்லாம். உன்னைக்கூட விசாரிச்சாங்க."

செனோபியா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "அப்ப சரி" என்றாள்.

அங்கேயே எர்மிலோ உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் சொன்ன எதற்கும் அவள் "அப்ப சரி" என்று சொன்னதில்லை. மேலும் சுகாதார நிலையத்து நர்ஸ் ஒப்தூலியா அவனுடைய மூத்த மகளுக்கு ஞானத்தாய். வாரம் தவறாமல் செனோபியாவோடு உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறவள். எர்மிலோவுக்கு அன்றைக்கு அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் கோழிக்கடைக்காரன் ஃபோர்த்தினோ அவனைச் சந்தையில் மடக்கினான். இருவரும் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானத்தந்தை. அதனால் ஒருவரை ஒருவர் "கொம்பாத்ரே" என்றுதான் கூப்பிடுவார்கள், சண்டையிலும்கூட.

"கொம்பாத்ரே, என் கடைச் சுவத்துல என்னய்யா எழுதி வெச்சிருக்கே?"

"ஏன், எழுத்து அழகா இல்லையா?"

"அழகாத்தான் இருக்கு. ஃபோன் நம்பர்தான் என்னுதில்ல. மூணை எட்டாக்கிட்டே. கோழி கேட்டுக் கூப்பிடறவனுக்கெல்லாம் சவப்பெட்டிக் கடைக்காரன் எடுக்கறான்!"

"ஐயையோ."

"நேத்து ஒரு அம்மா கூப்பிட்டு, 'நாளைக்கு ரெண்டு வேணும், நல்ல பெருசா'ன்னிருக்கு. அவன், 'அடக் கடவுளே, ரெண்டு பேரா! எப்ப தவறினாங்க?'ன்னு கேட்டிருக்கான். அந்தம்மா, 'இன்னும் இல்ல, காலைல என் கண்ணு முன்னாடி கழுத்தை அறுத்துக் குடுத்தாத்தான் நம்புவேன்'னு சொல்லியிருக்கு. அவன் போலீசுக்கே போயிட்டான்யா!"

"நீ குடுத்த துண்டுக் காகிதத்துல அந்த மூணு கொஞ்சம் கொழுத்துப்போய் இருந்தது."

"மூணு கொழுக்கல. உன் கண்ணு மங்குது. சர்க்கரை எப்படியிருக்கு?"

"அது பயத்துல வந்த சர்க்கரைதானே. பயம் போனா போயிடும்."

அந்த ஊரில் சர்க்கரை வியாதி வேறு எதனாலும் வராது. திடுக்கிட்டுப் பயந்தால்தான் வரும். பேருந்து கவிழ்ந்து பயந்தவர், நிலநடுக்கத்தில் பயந்தவர், மாமியார் சொல்லாமல் வந்து நின்று பயந்தவர் என்று ஒவ்வொரு சர்க்கரைக்கும் ஒரு பயம் உண்டு. எர்மிலோவுக்குத் திருவிழா வாணவேடிக்கை. ஏணியடியில் ஒரு வாணம் வெடித்தது, கொஞ்ச நாளில் சர்க்கரை வந்தது. செனோபியா மட்டும் இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"வெடிச்சத்தத்துல வந்த சர்க்கரையா? அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு லிட்டர் கோலாவைத் தனியாக் குடிச்சது யாரு?"

"பயத்துல தொண்டை வறண்டுபோச்சு."

"கூடவே சர்க்கரை தூவின பன்னும் ஒரு கூடை தின்னியே?"

"பயத்துல வயிறும் வறண்டுபோச்சு."

எர்மிலோ மந்திரிக்கிற கிழவியிடம் போனான். அவள் முட்டையை உடம்பெல்லாம் உருட்டி, துளசிக்கொத்தால் முதுகில் நாலு சாத்து சாத்தி, பயத்தை வெளியேற்றினாள். போன பயம் இரண்டு தெரு நடப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. ஏணியில் நின்றால் செங்கல்லின் விளிம்பு பஞ்சுபோலத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊசி. ஊசி போட்டால் இருட்டு. சொல்லாவிட்டால்? அதற்கு மேல் நினைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் மதியம் சாப்பிட வந்தால் அடுப்பு அணைந்து கிடந்தது. செனோபியா சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிழவா, எனக்கும் வந்துடுச்சு."

"யாரு வந்தா?"

"சர்க்கரை!"

"அதெப்படி வரும்? நீதான் எதுக்குமே பயப்பட மாட்டியே!"

"உன்னைக் கட்டிக்கிட்டேனே, அந்தப் பயம் போதாதா?" என்று துணிக்குள்ளிருந்து விசும்பல் வந்தது. "முத்திப்போச்சாம். நேரா இன்சுலினாம். நான் போட்டுக்க மாட்டேன். குருடியாகி உனக்குப் பாரமா இருக்கறதுக்கு இப்படியே போய்ச் சேர்ந்துடறேன்."

எர்மிலோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். செனோபியாவின் அம்மாவுக்குச் சர்க்கரையில்தான் ஒரு கால் போனது. அந்தக் கட்டிலையும், அந்த வாடையையும், வாய் திறந்து ஒரு குறை சொல்லாமல் கட்டு மாற்றிய செனோபியாவையும் அவன் மறக்கவில்லை. இவளுக்கும் அப்படியா? தன் கண்ணைப் பற்றிய பயம் அப்போது நினைவிலேயே இல்லை. இவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எழுந்தான். தொப்பியை மறந்துவிட்டு ஓடினான்.

"டாக்டரம்மா, உண்மையைச் சொல்லுங்க. இன்சுலின் போட்டா கண்ணு போயிடுமா? எனக்காகக் கேக்கல. பெண்டாட்டிக்காக."

டாக்டரம்மா ஒப்தூலியாவைப் பார்த்தாள். ஒப்தூலியா பஞ்சு டப்பாவுக்குள் தலையை விட்டு எதையோ தேடினாள்.

"உங்க சித்தப்பா எப்ப ஊசி ஆரம்பிச்சார், தோன் எர்மிலோ?"

"கால்ல புண்ணு கறுத்த பிறகு. அதுவரைக்கும் பிடிவாதமா மாட்டேன்னுட்டார்."

"அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் சர்க்கரையைக் கவனிக்காம விட்டார்? அப்பவே அது கண்ணுக்குள்ள இருக்கற நரம்பையெல்லாம் அரிச்சிருக்கும். வீடு பாதி எரிஞ்சப்புறம் தண்ணி லாரியைக் கூப்பிட்டா, கூரை விழத்தான் செய்யும். தண்ணிதான் வீட்டை எரிச்சதுன்னு சொல்லுவீங்களா?"

சித்தப்பா ஊசிக்கு முன்பே உப்புக்குப் பதில் சோடா மாவைப் போட்டு முட்டை தின்றது எர்மிலோவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கண்ணைத் தின்னறது சர்க்கரை. காலையும் சிறுநீரகத்தையும் தின்னறது சர்க்கரை. ஊசி அதைத் தடுக்க வருது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஆரம்பத்துல கொஞ்ச நாள் பார்வை கலங்கலாம். சர்க்கரை இறங்கறப்ப கண்ணு பழகணுமில்ல? அப்புறம் தெளிஞ்சிடும். அதைப் பாத்துப் பயந்து பாதியில நிறுத்திடறவங்க நிறைய."

வீட்டுக்கு வந்து எர்மிலோ ஒரு பிரசங்கமே செய்தான். தண்ணி லாரி, கூரை, நரம்பு எல்லாம் வந்தன. கடைசியில், "ஊசி கண்ணைக் கெடுக்கும்னு சொல்றவனுக்குப் புத்திதான் ஊசிப்போச்சு!" என்று முடித்தான். நேற்றுவரை தான்தான் அவன் என்பதை மறந்தே போனான்.

செனோபியா துணியை விலக்கி ஒரு கண்ணால் பார்த்தாள். "அவ்வளவு நல்லதுன்னா நீ மொதல்ல போட்டுக்கோ. நான் பாக்கறேன். அப்புறம் நான் போட்டுக்கறேன்."

"நானா?"

"உனக்குத் தேவையில்லதான். டாக்டரம்மா எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்களே."

எர்மிலோவுக்கு வியர்த்தது. பிறகு நெஞ்சை நிமிர்த்தினான். "கிழவி, உன்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். எனக்கும் இன்சுலின்தான் சொன்னாங்க. நீ கவலைப்படுவேன்னு சொல்லல. உனக்காக நான் போட்டுக்கறேன்."

"ஐயோ, கடவுளே! அப்படியா!" என்று செனோபியா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சற்று நேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

சொல்லிவைத்தாற்போல ஒப்தூலியா பெட்டியோடு உள்ளே வந்தாள். பேனா மாதிரி இருந்த ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். "இது செனோபியாவோடது, இது உங்களோடது. ஆளுக்கொரு பேனா, மாத்திப் போடக் கூடாது. தோன் எர்மிலோ, உங்க அளவு டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. வயித்தைக் காட்டுங்க."

எர்மிலோ கண்ணை இறுக மூடினான். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. "முடிஞ்சுதா?" என்று கேட்டபோது ஒப்தூலியா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். செனோபியா தன் பேனாவை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். உள்ளே இருந்து "ஆ!" என்று ஒரு கத்தல். பாவம், மெல்லிய மனசுக்காரி என்று எர்மிலோ உருகிப்போனான்.

ஒரு சிக்கல் இருந்தது. மருந்துப் பெட்டியைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஃபோர்த்தினோ வந்தால் கேட்காமலே குளிர்பெட்டியைத் திறந்து பீர் எடுக்கிறவன். கொம்பாத்ரே ஊசி போடுகிறான் என்று தெரிந்தால் சந்தை முழுக்கச் சிரிக்கும். எர்மிலோ தூரிகையை எடுத்தான். மருந்துப் பெட்டியின் மேல் சிவப்பில், பொன்னிறக் கரையும் நீல நிழலுமாக எழுதினான்: செனோபியாவின் மருந்து, யாரும் தொடாதீர்.

தினமும் இப்படியே நடந்தது. முதலில் அவன், பிறகு திரை, பிறகு "ஆ!" அவளுக்குப் பத்தியம் என்றால் அவளெதிரே கோலா குடிப்பது எப்படி? கோலா நின்றது. சர்க்கரை பன் நின்றது. அவளுக்குத் துணையாகத் தேவாலயத்தைச் சுற்றி நடக்கவும் ஆரம்பித்தான். உலகத்திலேயே தியாகி தான்தான் என்று நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வான்.

அப்போதுதான் பார்வை கலங்கியது.

ஒரு காலையில் உலகமே எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் போய் நின்றது. டாக்டரம்மா சொன்னதுதான். ஆனால் டாக்டரம்மாவா ஏணியில் நிற்கிறாள்? சொல்லவும் வழியில்லை. சொன்னால் செனோபியா அந்த நிமிஷமே ஊசியை நிறுத்திவிடுவாள். அவள் அம்மாவின் கட்டில் மறுபடி கண்முன் வந்தது. கலங்கிய கண்ணுக்கும் அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"கண்ணு எப்படியிருக்கு, கிழவா?" என்று அவள் தினமும் கேட்பாள்.

"கழுகு மாதிரி!" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்கு வணக்கம் சொல்வான். வெளியே போய், கழுதையைப் பாதிரியார் என்று நினைத்து ஆசீர்வாதம் கேட்டான். கழுதை கனைத்தது. அதையும் அவன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். ஊசியை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் எரிமலை உச்சியின் பனி. அப்புறம் செங்கல் விளிம்பு. அப்புறம் ஃபோர்த்தினோ கடைச் சுவரில் அவனே எழுதிய எட்டு. இத்தனை அசிங்கமான எட்டா என்று வெட்கப்பட்டு, இலவசமாக மூன்றாக்கிக் கொடுத்தான்.

அன்று ஊசி எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவன் தன் கைவேலையை ரசித்தான். சிவப்பு, பொன், நீல நிழல். அதற்குக் கீழே, ஏதோ கொசு உட்கார்ந்த மாதிரி, மருந்தகத்தில் அச்சடித்த பொடி எழுத்து. இத்தனை நாள் அவன் அதை அழுக்கு என்று நினைத்திருந்தான். குனிந்தான்.

நோயாளி: எர்மிலோ குவாவுத்லே.

மறுபடி படித்தான். பெட்டிக்குள் கையை விட்டான். செனோபியாவின் பேனா உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

"கிழவி!"

"ம்?"

"பெட்டி மொத்தமும் என் பேர்ல வந்த மருந்து!"

"ஆமா."

"உனக்குச் சர்க்கரையே இல்லையா?"

"இல்ல."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் நிம்மதி வந்துவிட்டது. இவளுக்கு இல்லை. கால் போகாது, கண் போகாது. அவன் குளிர்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபம் வந்து சேர்ந்தபோது அது பாதியாகத் தேய்ந்திருந்தது.

"அப்ப தினமும் திரைக்குப் பின்னாடி 'ஆ'ன்னு கத்தினது?"

"கண்ணை மூடிக்கிட்டு நீ நிக்கற அழகைப் பாத்து வர்ற சிரிப்பை வேற எப்படி அடக்கறது?"

"ஊரையே ஏமாத்தியிருக்கே! டாக்டரம்மா, ஒப்தூலியா எல்லாரும் கூட்டு! இதோ அச்சுல இருக்கே, இத்தனை சின்ன எழுத்துல என் பேரு, அப்பா பேரு, தெருப் பேருகூட!"

செனோபியா கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"தெருப் பேரு வரைக்கும் படிக்க முடியுதா? அப்ப ஊசி கண்ணைப் பிடுங்கல. சட்டையைத் தூக்கு."