பிடித்த புகையும் பச்சைநாயகியின் தொட்டியும்

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று அனல்மின் நிலையம் வைத்திருந்தது. மற்ற காடுகளில் சிங்கம் கர்ஜிக்கும், வேட்டையாடும். இது குகையில் ஏ.சி. போட்டுக்கொண்டு படுத்திருக்கும். அந்த ஏ.சி.க்காகத்தான் நிலையமே. காட்டுக்கெல்லாம் மின்சாரம் என்பது திறப்பு விழாவில் சொன்னது.

புகை ஏற ஏற வெயிலும் ஏறியது, குளம் வற்றியது. அங்கே பச்சைநாயகி என்ற நீர்நாய்க்கு மூன்று குட்டிகள். மிச்சமிருந்த சேற்றில் முதுகை நனைக்கவே அவை அடித்துக்கொண்டன. இன்னும் ஒரு கோடை இப்படிப் போனால் குட்டிகள் பிழைக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேராகக் குகைக்குப் போய்ச் சத்தம் போட்டாள். பின்னாலேயே தவளைகளும் போய்ச் சத்தம் போட்டன.

சிங்கத்துக்குத் தூக்கம் கெட்டது. நரியைக் கூப்பிட்டது. நரி வெளிநாட்டுக் காட்டில் படித்தது. எதைக் கேட்டாலும் முதலில் ஒரு சோதனை நடத்திப் பார்க்கலாம் என்று சொல்லும். புகைபோக்கியின் ஓரத்தில் ஒரு சின்னக் கோபுரம் எழும்பியது. மாலை, தேங்காய், ரிப்பன், தலைமை விருந்தினராக யானை.

"புகையில கொஞ்சூண்டைக் குழாய் வழியா இதுக்குள்ள விடுவோம்" என்றது நரி. "உள்ள ஒரு திரவம் இருக்கு. அது கார்பன் டை ஆக்சைடை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கும். சூடாக்கினா விட்டுடும். அதை அப்படியே சேகரிச்சுடலாம்."

காடே கைதட்டியது. பச்சைநாயகி மட்டும் கேட்டாள்: "சேகரிச்சு?"

"அளப்போம்."

"அளந்து?"

நரி தொண்டையைக் கனைத்தது. "அதே புகைபோக்கியில திரும்ப விட்டுடுவோம்."

"அடப்பாவி! விடுறதுக்கா புடிச்சீங்க?"

"அம்மா, புடிக்க முடியுமாங்கறதுதான் இந்தச் சோதனை. வச்சுக்கறது வேற திட்டம். அதுக்கு வேற நரி வரும்."

பிடித்ததில் கொஞ்சத்தைச் சோடாவாக்கி நரி யானைக்கு நீட்டியது. யானை விட்ட ஏப்பத்தில் அதுவும் காற்றோடு போயிற்று.

சோதனை நன்றாகவே நடந்தது. அதுதான் வம்பு. பெரிதாகக் கட்டினால் நிலையத்தின் மின்சாரத்தில் நல்ல பங்கைக் கோபுரமே தின்றுவிடும், ஏ.சி. ஓடாது என்று தெரிந்ததும் சிங்கம் நரியைத் தனியாக அழைத்தது.

"யோவ், இது ஜெயிக்கவும் கூடாது, தோக்கவும் கூடாது. நடந்துக்கிட்டே இருக்கணும்."

பச்சைநாயகி மறுபடி வந்தபோது நரி ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்தது. "முதல்ல ஒரு குட்டியைக் காப்பாத்திப் பாப்போம். முடிவு நல்லா வந்தா மத்ததுக்கும் விரிவுபடுத்தலாம்."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு நரியைக் கடித்திருக்க வேண்டும். வாளியைத்தான் உதைத்தாள். குட்டிகளை ஓட்டிக்கொண்டு நிலையத்துக்குள் புகுந்தாள். இயந்திரங்களைக் குளிர்விக்கும் தொட்டி அங்கே தளும்பிக்கொண்டிருந்தது. குளத்துத் தண்ணீரில் பாதி அதில்தான் இருந்தது. குடும்பத்தோடு இறங்கியவள், நாணலை அள்ளிவந்து, தொட்டியிலிருந்து இயந்திரத்துக்குத் தண்ணீர் போகும் குழாயின் வாய்க்குள் குட்டிகளுக்குப் படுக்கை போட்டாள். குழாய் அடைத்தது. இயந்திரம் நின்றது. புகையும் நின்றது.

அன்று காட்டுக்கு வானம் தெரிந்தது. தவளைகள் கூத்தாடின. சிங்கம் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தது.

"தாயே, உனக்கு என்னதான் வேணும்?"

பச்சைநாயகி குட்டிகளைப் பார்த்தாள். மூன்றும் தண்ணீரில் புரண்டு விளையாடின. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தத் தொட்டி" என்றாள்.

அவ்வளவுதானா என்று சிங்கத்துக்கே ஆச்சரியம். குளத்தின் மிச்சத்தையும் உறிஞ்சி நிலையத்துக்கு வேறு தொட்டி கட்டிக்கொண்டது. புகை மறுபடி கிளம்பியது. தவளைகள் அவள் தொட்டியின் விளிம்புக்கு வந்து கதறின.

"அக்கா, எங்க குளம் எங்கக்கா?"

பச்சைநாயகி மல்லாந்து மிதந்தபடி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"ஏன் இப்படிக் கத்துறீங்க? விஞ்ஞானிங்களை வேலை பாக்க விடுங்க. குழந்தைங்க தூங்குது."

நீதி: பூமி சூடாவதை எதிர்த்து உரக்கக் குரல் கொடுங்கள், தொட்டி கிடைத்ததும் தவளைகளை அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள்.