குழந்தை இயேசுவுக்குக் குடை

கிறிஸ்துமஸ் குடிலில் படுத்திருந்த குழந்தை இயேசுவின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு மூக்கில். ஞானகுமாரி அலறினாள்.

"இன்னாங்க, மேல் ஊட்லேர்ந்து தண்ணி ஒழுகுது! கொஞ்ச நேரத்துல ஃபாதர் குடில் போட்டிக்கு மார்க் போட வந்துருவாரு. லோகநாதன் கைல போய் சொல்லுங்க!"

"அந்தாளு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றார் பிரகாசம்.

முகப்பேர் ஃபிளாட்டில் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்காக இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷமாகிறது. மாடி பக்கத்தில்தான் இருந்தது. ரோஷம்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

எனவே குடிலுக்கு மேலே குடையை விரித்துக் கட்டினார். குடையில் வழிந்த தண்ணீர் நேராக சீரியல் பல்பு பிளக்கில் இறங்கியது. படாரென்று வீட்டில் கரண்ட் போயிற்று.

கனடாவில் தூங்கிக்கொண்டிருந்த மகன் ரெனிஷை ஃபோனில் எழுப்பினார்.

"டாடி, உங்களப் பாத்துக்கத்தானே அமெரிக்கக் கம்பெனில பணம் கட்டி வெச்சிருக்கேன்? அந்த நம்பருக்குப் பேசுங்க!"

பேசினார். தேன் ஒழுகும் குரல் ஒன்று எடுத்தது.

"வணக்கம், நான் சோஃபியா. என்ன உதவி வேணும் சார்?"

"தமிழ் பேசுறியேம்மா! அமெரிக்காலயா கீற?"

"கம்பெனி கலிபோர்னியா சார். முதல்ல வெளிய இருக்கற வால்வ மூடுங்க."

பிரகாசம் எந்தப் பக்கம் திருகினாரோ, சொட்டு தாரையாகிவிட்டது. காகித மலையின் சாயம் கரைந்து, மூன்று ராஜாக்களும் பச்சைத் தண்ணீரில் மிதந்தார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து ஒட்டிய மலை. ஞானகுமாரி அழுதேவிட்டாள்.

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் பிரகாசத்துக்கு வாய் கட்டு அவிழ்ந்தது.

"எல்லாம் மேல் ஊட்டு லோகநாதனால வந்ததும்மா! கீற நாலு முடிக்கு டை அடிக்கத் தெரியுது, ஒழுகுற குழாய்க்கு வாஷர் மாத்தத் தெரியல. கஞ்சப் பிசினாரி!"

மறுமுனையில் தேன் குறைந்தது. பிறகு குரல் மெதுவாகக் கேட்டது: "அட்ரஸ் சொல்லுங்க சார்."

சொன்னார்.

"லைன்லயே இருங்க சார். இப்பவே ஆள் வரும்."

பிரகாசம் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் பெருமைப்பட்டார். "பாத்தியா, உலகம் எப்டி சுருங்கிப் போச்சு! எங்கியோ கலிபோர்னியால கீற பொண்ணு நமக்காகத் துடிக்குது. தல மேல குடியிருக்கறவன் எட்டிக்கூடப் பாக்கல."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் நின்றது. காலிங் பெல் கரண்ட் இல்லாமல் ஊமையாகியிருந்ததால் யாரோ கதவைத் தட்டினார்கள். ஃபாதராக இருக்குமோ என்று பயந்துகொண்டே ஞானகுமாரி திறந்தாள்.

லோகநாதனின் மகள் சுரேகா நின்றாள். கையில் வாளி, துணி. கழுத்தில் ஹெட்போன்.

"நீ இன்னாம்மா இங்க? நான் அமெரிக்காகாரங்களோட லைன்ல கீறேன்" என்று முறைத்தார் பிரகாசம்.

"நான்தான் அங்கிள் சோஃபியா, அந்தக் கம்பெனிக்கு ஊட்லேர்ந்தே வேல. குழாய மூடிட்டேன், குடில நானும் ஆன்ட்டியும் சரி பண்ணிடறோம். நீங்க லைன கட் பண்ணாம அந்த டை மேட்டர மட்டும் பேசி முடிங்க, மேல அப்பா ஸ்பீக்கர்ல கேட்டுகினு கீறாரு."