பெண் பார்க்க வந்தவர்களும் என் முதுமாணியும்

பட்டம் எடுப்பது பெரிய வேலையில்லை. எடுத்த பட்டம் என்னவென்று பெண் பார்க்க வந்தவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரிய வேலை. முதலாவதில் நல்ல புள்ளி எடுத்த நான் இரண்டாவதில் படுதோல்வி.

பொருளியலில் முதுமாணி முடித்து மதுரங்குளி வீட்டில் இருந்தேன். கற்பிட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் உம்மாவும் சித்தப்பா முறையான சாச்சாவும் கதிரையில் சரியாக உட்காரக்கூட இல்லை, என் வாப்பா தொடங்கிவிட்டார்.

“எங்கட மகள் முதுமாணி.”

அந்த உம்மாவின் முகம் சுருங்கியது. “புரோக்கர் இளமாணி எண்டுதானே சொன்னாரு. நாங்க வயசு குறைஞ்ச புள்ளதான் பாக்கிறம்.”

“இது வயசில்ல, படிப்பு. மாஸ்டர்ஸ்,” என்றார் வாப்பா பதறிப்போய்.

“பொம்புளப் புள்ளய டீச்சர் எண்டுதானே சொல்ற? மாஸ்டர் எண்டா ஆம்புளயல்லவா?” என்றார் அந்த உம்மா.

திரைக்குப் பின்னால் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. (வாயைத் திறக்காதே என்று என் உம்மா காலையிலிருந்து சொன்னது காதில் ஏறினால்தானே.) வெளியே வந்து பாடம் எடுத்தேன்.

“முதல் டிகிரி இளமாணி. இங்கிலீசில பெச்சலர். அதுக்கு மேல படிச்சி, ஆய்வு செஞ்சி எழுதிக் குடுத்தா முதுமாணி.”

சாச்சா யோசித்தார். “பெச்சலர் எண்டா கலியாணம் முடிக்காத ஆள்தானே?”

“ஓம், ஆனா...”

சாச்சா வாப்பாவின் பக்கம் திரும்பினார். “அப்ப மகள் அதத் தாண்டிட்டா எண்டு சொல்றீங்க.”

மாப்பிள்ளையின் உம்மா தணிந்த குரலில் வாப்பாவிடம் கேட்டார்: “முந்தின மாப்பிள இப்ப எங்க?”

வாப்பா அல்லாஹ்மேல் சத்தியம் செய்தார். நானோ எரிச்சலில், இதற்கு மேல் பிஎச்டி எனும் கலாநிதிப் பட்டமும் இருக்கிறது, அதையும் விடமாட்டேன் என்று அறிவித்தேன். (யார் கேட்டார்கள்?) இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைத் தொடாமலே அவர்கள் புறப்பட்டார்கள். என் உம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த சம்பந்தம் புத்தளத்திலிருந்து வந்தது. “மகள் என்ன படிச்சிரிக்கா?” என்று கேட்டார்கள். வாப்பா தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, “எழுத வாசிக்கத் தெரியும்,” என்றார்.

கலியாணம் நடந்தது. சில மாதம் கழித்து அலுமாரியில் என் சான்றிதழைக் கண்ட கணவர், “இது யாருட?” என்று கேட்டார்.

இன்றும் கரண்ட் பில் வந்தால், பிள்ளைகள் முன்னால் அதை என்னிடம் நீட்டுவார்: “வாசிங்க பாப்பம். உங்கட வாப்பா பொய் சொல்லியிரிக்கமாட்டாரே.”