ஏரி கொட்டாவி விட்ட சனிக்கிழமை

பைன் நேரோஸ்,
வடக்கு ஒன்டாரியோ.
ஜனவரி, இரண்டாம் வாரம்.

அன்பும் பண்பும் அமைந்த வருங்கால மாப்பிள்ளை டெரன்ஸ் அவர்களுக்கு, பல் மருத்துவர் டாய்வோ கெட்டுனென் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி சில்வியாவும் ஹாக்கி அரங்கத்தின் கூரையும் நலமாக இருக்கிறோம். டொரண்டோவில் நீங்களும் உங்கள் பெற்றோரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொண்டுவந்த கம்பளிக் காலுறை எனக்கு அளவாக இருக்கிறது. மிக்க நன்றி.

நிற்க. அன்று விருந்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மாமா, உங்க லூன்ஸ் டீம் காசுக்கு ஆடறாங்களா, இல்ல சும்மா பொழுதுபோக்கா?" என்றீர்கள். உருளைக்கிழங்கு மசியலை அள்ளிக்கொண்டிருந்த சில்வியாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. என் மகள் ஐலா மேசைக்கு அடியில் உங்களை உதைத்தாள். பட்டது என் முழங்காலில். நான் விறகு எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனேன். நாங்கள் விறகு அடுப்பு வைத்திருப்பதில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். சூடான இறைச்சி அடைத்த பலகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது, மாப்பிள்ளை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் காகித ஆலையில் பகல் ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் ஆகவே ஆகாது. ஞாயிறுதோறும் உறைந்த ஏரியில் ஹாக்கி என்ற பெயரில் ஒருவரை ஒருவர் சாத்திக்கொள்வார்கள், திங்கட்கிழமை ஆலையில் பாதி ஆள் இருக்காது. மேனேஜர் வெறுத்துப்போய், "உங்களுக்குள்ள அடிச்சுக்கிறத விட்டுட்டு வேற ஊர்க்காரனப் போய் அடிங்கடா" என்று எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை வாங்கிக் கொடுத்தார். அணி அப்படித்தான் பிறந்தது. லூன் என்பது எங்கள் ஏரியில் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாதபடி கத்துகிற பறவை; பேச்சில் பைத்தியத்துக்கும் அதே சொல்தான். எந்தப் பொருளில் பெயர் வைத்தீர்கள் என்று ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் கேட்டதில்லை. முதல் வருஷம் எல்லா ஆட்டத்திலும் தோற்று, கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தார்கள். அதற்கு ஊர்வலம் விட்டோம், தீயணைப்பு வண்டியோடு.

அப்போது கோல்கீப்பராக இருந்த ஆர்மாண்ட் துகேதான் பேருந்து ஓட்டுநரும். வெளியூர் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டால் தலையணை அளவு கால் கவசத்தை மாட்டிக்கொண்டே ஓட்டுவார். அந்தக் காலால் பிரேக்கை மிதித்தால் பக்கத்து மிதிகளெல்லாம் சேர்ந்து இறங்கும், பேருந்து குலுங்கும், பின்னால் இருக்கிறவர்கள் ஆட்டத்துக்கு முன்பே அடிபட்டு இறங்குவார்கள். அணித்தலைவன் மெர்வின் ஓஜிக் இந்த ஏரிக்கரையில் பிறந்த ஒஜிப்வே பழங்குடி இளைஞன். அதிகம் பேசமாட்டான், பனியில் ஓடினால் சத்தமே வராது. நான் அணியை நடத்தும் சங்கத்தின் தலைவர். தலைவர் என்றால் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் ஒரு குவளைப் பாலோடு உட்கார்ந்திருக்க வேண்டும், விழுகிற பல்லைப் பாலில் போட்டால்தான் திரும்பப் பொருத்தலாம். எதிரணிப் பல்லுக்கும் அதே குவளைதான். யார் பல் யார் வாய்க்குப் போனது என்று பிறகு சில சந்தேகங்கள் வந்ததுண்டு. கடிக்க முடிகிறதா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுவேன்.

ஐலாவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வருஷம், எப்படியென்று இன்றுவரை எங்களுக்கே தெரியாது, லூன்ஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரணி போர்ட் ஆல்டன். பணக்கார ஊர், பேருந்தில் கழிவறை உண்டு. அந்த வாரம் பெய்த பனியின் பாரத்தில் எங்கள் அரங்கத்தின் கூரை ஒரு மத்தியானம் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. சனிக்கிழமைக்குள் மைதானம் இல்லையென்றால் கோப்பை போர்ட் ஆல்டனுக்கு என்று லீக்கிலிருந்து தகவல் வந்தது. நான் இடிபாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெர்வின் பக்கத்தில் வந்து, "ஏரி இருக்குல்ல டாக்டர்" என்றான். அவ்வளவுதான் பேசினான். பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் முதல்முறையாக ஒரே நேரத்தில் மண்வெட்டி எடுத்தன. தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் ஊற்றிப் பனியை வழவழப்பாக்கினார்கள். சுற்றுத் தடுப்புக்குப் பலகை போதவில்லை என்றதும் போதகர் லௌரி கோயில் பெஞ்சுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கிழம எல்லாரும் நின்னுக்கிட்டே கும்பிடட்டும், தூங்காம இருப்பாங்க" என்றார்.

சனிக்கிழமை போர்ட் ஆல்டன் அணித்தலைவன் கார்டன் ஹேல் கரையில் நின்று சிரித்தான். "இது கிரவுண்டா, மீன் பிடிக்கிற எடமா?"

"ரெண்டுந்தான். ஒனக்கு எது வருமோ அதப் பண்ணு" என்றார் ஆர்மாண்ட்.

எப்பேர்ப்பட்ட ஆட்டம் மாப்பிள்ளை அது! காத்து ஒரு பக்கமா தள்ளுது, ரப்பர் வட்டு பனிக்குவியலுக்குள்ள போய் ஒளிஞ்சிக்குது, ரெண்டு டீமும் குனிஞ்சு தேடுறாங்க, கண்டுபிடிச்சவன் கையத் தூக்கினதும் மறுபடி அடிதடி. இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடியும் தறுவாயில் வட்டு மெர்வினிடம் வந்தது. அப்போதுதான் ஏரி வெடித்தது. வெடித்தது என்றால் உடையவில்லை. கடுங்குளிரில் பனி இறுகும்போது அடியில் பீரங்கி போட்டது போல ஒரு சத்தம் வரும், எங்கள் ஊர்க் குழந்தைகள் அதற்குத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் போர்ட் ஆல்டன்காரர்கள் மட்டையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். அவர்களுக்கும் முன்னால் ஓடியவர் நடுவர். அவர்களுடைய கோல்கீப்பர் கவசத்தோடு தவழ்ந்து போனார். மெர்வினுக்கு முன்னால் காலி கோல். என் வாழ்நாள் கோப்பை பத்தடியில் இருந்தது.

"மெர்வின், அடிடா! யாருமே இல்ல, அடி!" என்று கத்தினேன்.

அவன் மட்டையை ஊன்றி நின்றான். "யாருமே இல்லன்னா நா யாரோட டாக்டர் ஆடறது?" என்று கேட்டுவிட்டுக் கரையைப் பார்த்துக் கை காட்டினான். "அட வாங்கப்பா! ஒண்ணும் ஆகல. ஏரி கொட்டாவி விடுது, அவ்வளவுதான்!"

அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நடுவர் கடைசியாக வந்து விசில் ஊதினார். ஆட்டம் தொடர்ந்தது, கார்டன் ஹேல் ஒரு கோல் போட்டான், நாங்கள் தோற்றோம்.

முடிந்ததும் ஹேல் மெர்வினிடம் வந்தான். "ஏன்யா கூப்பிட்ட? அடிச்சிருந்தா கோப்ப உன்னோடது."

"ஊரே குளிர்ல வந்து நிக்குது. நீங்க பாதில போயிட்டா அவங்க எதப் பாக்குறது?" என்றான் மெர்வின்.

ஹேல் கோப்பையை நீட்டினான். மெர்வின் வாங்கவில்லை. "அடுத்த வருஷம் ஜெயிச்சு எடுத்துக்கறோம்" என்றான். நான் வீட்டுக்குப் போய்ப் பட்டாணி சூப் முன்னால் உட்கார்ந்து அழுதேன். தோற்றதற்கு அழுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதிக் கிண்ணம் காலியானபோதுதான் அது வேறு அழுகை என்று விளங்கியது. பனி உருகியதும் போர்ட் ஆல்டன் அணி முழுவதும் ரம்பமும் சுத்தியலுமாக வந்து இறங்கி, எங்களோடு நின்று கூரையை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த வருஷங்கள் நிறைய வந்துவிட்டன. கோப்பை இன்னும் வரவில்லை.

காசுக்கா, பொழுதுபோக்கா என்று கேட்டீர்கள். இதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், அந்த இரண்டும் வேண்டாம். ஆகவே, திருமணத்தை அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வைக்கக்கூடாது. சீசன் முடியும்வரை தாங்கள் இங்கு வருவதும் உசிதமல்ல. விருந்தினர் அறையில் அணியின் ஈர உடுப்புகள் காய்கின்றன. இவை தகப்பனின் நிபந்தனைகள், இவற்றில் மாற்றமில்லை.

உங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். ஈறு உறுதியாக, பல் சொத்தையின்றி, ஐலாவோடு நெடுங்காலம் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
டாய்வோ கெட்டுனென்
தலைவர், பைன் நேரோஸ் லூன்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மெர்வின் வந்தான். இப்போது அவன்தான் பயிற்சியாளர். இப்போதைய கோல்கீப்பருக்கு அம்மை போட்டிருக்கிறதாம். அடுத்த வாரச் சனிக்கிழமை ஆட்டம். ஊரில் வேறு யாரும் அந்தக் கவசத்துக்குள் அடங்க மாட்டார்கள். பள்ளியில் படிக்கும்போது நீங்கள் பனியில் கொஞ்சம் சறுக்கி ஓடுவீர்கள் என்று ஐலா சொல்கிறாள். வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வந்துவிடுங்கள், அறையைக் காலி செய்துவிட்டோம். திருமணத்தை எந்த மாதம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடத் தெரிய வேண்டும் என்பதில்லை, நிற்கத் தெரிந்தால் போதும். அதுவும் தெரியாவிட்டால் கோல் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். மெர்வினிடம் கேட்டுவிட்டேன், விதியில் தடை இல்லையாம்.